உப்பு வண்டியும் கண்டெய்னர் லாரியும்

'கேரவன்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவிலோ அதற்கு வேறு பொருள். அங்கே பல குடும்பத்தினர் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணாகக் கிடக்கும் உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை வாரக்கணக்கில் பிரயாணம் செய்கின்றனர். அந்தச் சக்கர வீட்டின் பெயர் கேரவன். சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகச் செல்லும் வணிகர்களை அம்மொழியில் 'கார்வான்' என்று அழைத்தனர். அச்சொல்லின் கடைசித் துண்டுதான் 'வேன்'. ஆகவே தினமும் காலையில் பள்ளி வாசலில் வந்து நிற்கும் நம் வேனும் கேரவனுக்குப் பேத்தி முறைதான்!

தமிழருக்கு இந்தப் பொருள் புதிதன்று. கூட்டமாகச் செல்லும் வணிகரைச் 'சாத்து' என்றும், வரிசையாகச் செல்லும் வண்டிகளை 'ஒழுகை' என்றும் நம் முன்னோர் வழங்கினர். உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வந்த அந்தப் பழைய வண்டிகளையும், இன்று எங்கள் எர்ணாவூர் வழியாகக் கடலை நோக்கி வரும் வண்டிகளையும் பற்றி நாங்கள் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இது வெறும் பழங்கதை அன்று. அந்த வண்டிகள் ஓடும் சாலையைக் கடந்துதான் நாங்கள் பள்ளிக்கு வருகிறோம்.

உப்புக்கு நெல்

கடற்கரையில் நெல் விளையாது. வயற்காட்டில் உப்பு விளையாது. ஆனால் இரண்டும் இல்லாமல் யாரும் சோறு உண்ண முடியாது. இந்த ஒரு காரணத்தினாலேயே உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே பாதை பிறந்தது.

அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர்கள் உமணர். அவர்கள் தங்கள் நாட்டில் விளைந்த வெண்ணெல்லை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்து, அதைக் கொடுத்து உப்பை வாங்கிச் சென்றதை நற்றிணை கூறுகிறது. திரும்பும் வழியெல்லாம் ஊர் ஊராக உப்பின் விலையைக் கூவிக்கொண்டு போவார்கள். நெல்லும் உப்பும் ஒரே அளவுக்கு மாற்றப்பட்டன என்று அகநானூற்றிலிருந்து அறிகிறோம். ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு! இன்று கடையில் மிகவும் மலிவான பொருள் உப்பு. அன்றோ அது அரிசிக்குச் சமமான செல்வம். உப்பு கிடைக்கும் இடம் தூரம், கொண்டு வரும் வழி கடினம் என்பதே அதன் காரணம். அந்த விலையில் பாதி, வண்டிக்காரரின் வியர்வைக்குத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

மாட்டு வண்டி பாரத்துடன் ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். காஞ்சிபுரத்திலிருந்து நம் கடற்கரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரத்தில் முடியும் வழி அன்று மூன்று, நான்கு நாட்கள். அதைவிடத் தொலைவான ஊர்களுக்கு எத்தனை நாட்கள் ஆகும் என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

இத்தனை நாள் பிரயாணத்தில் குடும்பத்தை எங்கே விடுவது? உமணர் விடவில்லை, உடன் அழைத்துச் சென்றார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இந்த வண்டியின் முழு வருணனை இருக்கிறது. அது நம் தொண்டை மண்டலத்துப் பாட்டு என்பதால் எங்களுக்கு அதில் தனிப் பிரியம்.

வண்டிக்கு மேலே புல் வேய்ந்த கூரை. ஓரத்தில் கோழிகள் அடையும் கூடு. சிறு உரல் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது; அது பெண் யானையின் முழங்காலைப் போல இருக்கிறதாம்! முன்புறத்தில் காடி வைத்த பானை ஒன்று கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாடுகளை ஓட்டுபவள் ஒரு பெண். வேப்பிலை மாலை அணிந்த கட்டுடல் ஆண்கள் வண்டிகளின் இரு பக்கமும் காவலாக நடக்கிறார்கள். களைத்த மாட்டை மாற்றிக் கட்டுவதற்காக உபரி மாடுகளும் கூடவே வருகின்றன. சமையலறை, கோழிக்கூடு, தொட்டில் எல்லாம் சக்கரத்தின் மேல். இதை வீடு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அந்த வீட்டில் குழந்தைகளுக்கு விளையாட்டும் இருந்தது. சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த ஒரு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை அடக்கி, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. கொற்கைக் கடற்கரையில் நடக்கும் காட்சி அது. படிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம், அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுத் தோழிகள் கிடையாது. வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் அவர்கள் தெரு என்ற எண்ணமும் வந்தது.

வழியின் இன்னல்கள்

வழி சுலபமாக இருக்கவில்லை. கடற்கரை மணலில் சக்கரம் புதைந்து வண்டி அலறும் ஓசைக்கு வயலில் நிற்கும் கொக்குகள் அஞ்சிப் பறந்தன. மேட்டுக் கரையில் நின்ற உப்பு வண்டியின் மேல் பெருமழை கொட்டினால் சரக்கு முழுவதும் கரைந்து ஓடிவிடும். இதைக் குறுந்தொகையில் ஓர் உவமையாகவே காண்கிறோம். நடக்க முடியாமல் விழுந்த எருதைச் சில வேளை வழியிலேயே விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. உமணர் தங்கிச் சென்ற இடம், குடி பெயர்ந்த ஊரைப் போலப் பாழாய்க் கிடக்குமாம்.

அச்சு முறிந்தால் காட்டில் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மாடுகள் இளையவை, பாரம் அதிகம், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று எண்ணி, வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டி வைப்பார்கள். அதன் பெயர் 'சேம அச்சு'. புறநானூற்றில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார். இன்றைய லாரியில் ஸ்டெப்னி என்று ஒரு சக்கரம் தொங்குகிறதல்லவா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஸ்டெப்னி இருந்தது!

வழியில் சுங்கமும் உண்டு. அதை 'உல்கு' என்றனர். மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதும், அந்த வழியை வில் வீரர் காப்பதும் அதே பெரும்பாணாற்றுப்படையில் உள்ளன. இன்று வில்லுக்குப் பதில் கேமரா. கைக்காசுக்குப் பதில் 2021 முதல் கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டாக்.

பாரியின் மகளிர் கதையை நாம் அறிவோம். பறம்பு மலையில் இருந்தவரை படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், தந்தையை இழந்த பின் குப்பை மேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணினார்கள் என்று புறநானூறு கூறுகிறது. எண்ணிப் பார்த்தால்தான் பொழுது போகும் அளவுக்கு அன்று வண்டிகள் நீண்ட வரிசையாகச் சென்றிருக்க வேண்டும். நாங்களும் ஒரு மாலையில் சாலையோரம் நின்று லாரிகளை எண்ணத் தொடங்கினோம். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம்.

பொதி மாடும் ஒட்டகமும்

பிற்காலத்தில் தக்காணத்துக்கும் கடற்கரைக்கும் இடையே தானியமும் உப்பும் கொண்டு சென்றவர்கள் லம்பாடிகள். இவர்களைப் பஞ்சாராக்கள் என்றும் அழைப்பர். வண்டி போக முடியாத காட்டு வழியில் ஆயிரக்கணக்கான மாடுகளின் முதுகில் பொதியேற்றி, மனைவி மக்களுடன் சென்றனர். அவர்களுடைய முகாம் 'தாண்டா'. மைசூர்ப் போர்களில் ஆங்கிலேயப் படைகளுக்குத் தானியம் கொண்டு வந்து தந்தவர்களும் இவர்களே. ரயில் வந்த பின் இவர்களின் தொழில் நசித்தது. தொழில் போனதோடு நிற்கவில்லை. ஓரிடத்தில் நில்லாமல் அலையும் மக்கள் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் என்று அரசாங்கம் எண்ணியது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பல இடங்களில் பஞ்சாராக்களும் கொண்டுவரப்பட்டார்கள். நேற்று வரை சோறு கொண்டு வந்தவர், இன்று குற்றவாளி!

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். 1860-இல் பர்க், வில்ஸ் என்போரின் ஆய்வுப் பயணத்திற்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலில் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்களும் உடன் போனார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் பண்ணைகளின் கம்பளி மூட்டைகளை ரயிலடிக்கும் துறைமுகத்துக்கும் கொண்டு சேர்த்ததும், அங்கிருந்து மாவும் தேயிலையும் திரும்பக் கொண்டு சென்றதும் இந்த ஒட்டகச் சாத்துகள்தாம். அவர்களில் பலூச்சிகள், சிந்திகள், பஞ்சாபியர் எனப் பலர் இருந்தும், எல்லாருக்கும் 'ஆப்கானியர்' என்று ஒரே பெயர் சூட்டிவிட்டார்கள். 1901-இல் வெள்ளையர் அல்லாதாரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அவர்களுள் பலருக்கு உழைத்த நாட்டிலேயே குடியுரிமை கிடைக்கவில்லை. ஆயினும் பாலைவனத்தின் குறுக்கே ஓடும் புகழ்பெற்ற ரயிலுக்கு இன்றும் 'கான்' என்று அவர்கள் நினைவாகவே பெயர். ஒட்டகம் நடந்த பாதைகளில் இன்று 'ரோடு டிரெயின்' எனப்படும் பல பெட்டி லாரிகள் ஓடுகின்றன. சிலவற்றின் நீளம் 53 மீட்டருக்கும் அதிகம்.

உப்பைத் தேடிக் கடற்கரைக்கு வந்த இன்னொரு பயணமும் உண்டு. அதில் வண்டி இல்லை, கால்கள்தான். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம் வழியாக நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் தேதி தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் அறிவித்திருந்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். கட்டியவர் யார் என்று போலீசாருக்குத் தெரியாது. வழிப்போக்கருக்குப் பசி தீர்ந்தது.

எங்கள் கரையில்

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். எர்ணாவூருக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகம். அதைச் சுற்றி நெடுங்காலமாக உப்பளங்கள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. முதலில் அது காக்ரேன் கால்வாய். பஞ்ச காலத்தில் நகருக்குள் அது நீட்டிக்கப்பட்ட பின், 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்றன. கரையில் நடந்தபடி மனிதர்கள் கயிற்றால் படகை இழுத்தார்கள். எங்கள் ஊரின் மேற்கே இன்று கறுத்துக் கிடக்கும் நீர்தான் அந்த வழி.

1856-இல் நம் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. மாட்டு வண்டி நான்கு நாட்களில் கடந்த தூரத்தை ரயில் சில மணி நேரத்தில் கடந்தது. பின்னர் லாரி வந்தது. அந்த லாரியும் எங்கள் ஊரிலேயே பிறந்தது என்பது எங்களுக்குப் பெருமை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் உலகம்

முன்பெல்லாம் சரக்கை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றுவார்கள். அதற்குப் பல நாட்கள் ஆகும். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. மூட்டைகளை ஏன் எடுத்து எடுத்து மாற்ற வேண்டும்? லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன? 1956 ஏப்ரலில் 58 பெட்டிகளுடன் அவருடைய கப்பல் புறப்பட்டது. கண்டெய்னர் பிறந்த கதை இதுதான். பெட்டிக்கு இருபது அடி, நாற்பது அடி என்று அளவு வகுத்தார்கள். உலகில் எந்தத் துறைமுகத்துக் கிரேனும் எந்த நாட்டுப் பெட்டியையும் தூக்கலாம். நான்கு மூலைகளிலும் பூட்டு உண்டு. காலி டிரெய்லர் போகும்போது கடகடவென்று சத்தம் வருவது அந்தப் பூட்டுகளினாலும் சங்கிலிகளினாலும்தான்.

சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இலும் செயல்படத் தொடங்கின. எண்ணூர்த் துறைமுகத்துக்கு இன்று காமராசர் பெயர். ஆம்பூர், ராணிப்பேட்டையின் தோல் பொருள்கள், கிருஷ்ணகிரியின் கிரானைட், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தின் இயந்திரப் பாகங்கள், குண்டூரின் மிளகாய், பெங்களூரின் சரக்குகள் எல்லாம் கடலை நோக்கி இந்தப் பக்கம் வருகின்றன. அன்று நெல் வந்த திசையிலிருந்து இன்று பெட்டிகள் வருகின்றன. உள்நாட்டில் செருப்புத் தைக்கும் பெண்ணுக்குக் கூலி கிடைப்பதும், நம் ஊரில் பலர் வீட்டில் அடுப்பு எரிவதும் இந்த வரிசையால்தான். எங்கள் தந்தையரிலும் சகோதரரிலும் சிலர் துறைமுக வேலையையும் லாரி வேலையையும் நம்பியிருப்பவர்கள்.

கேபினே வீடு

இப்படி வரும் லாரி நேரே கப்பலுக்குப் போய்விடுவதில்லை. காகிதங்கள் சரிபார்க்க வேண்டும், சீல் பார்க்க வேண்டும், யார்டில் இடம் வேண்டும், கப்பல் வர வேண்டும். இவற்றுள் ஒன்று தாமதமானாலும் வரிசை நீளும். நெரிசல் மிகுந்த நாட்களில் லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளுக்கும் மேலாகச் சாலையில் நின்றிருக்கின்றன.

இந்தக் கட்டுரைக்காக எங்களில் ஒருத்தியின் தந்தையோடு சென்று, டீக்கடை அருகே நின்ற ஓட்டுநர் ஒருவரிடம் பேசினோம். சேலம் பக்கத்துக்காரர். கேபினுக்குள் ஒரு பலகைப் படுக்கை, கயிற்றில் தொங்கும் இரண்டு சட்டைகள், ஒரு தண்ணீர்க் குடம், சிறிய கேஸ் அடுப்பு, அரிசி டப்பா, ஊறுகாய்ப் பாட்டில். கோழிக்கூடு ஒன்றுதான் குறை! "வண்டி ஓட்டுறது கஷ்டம் இல்ல பாப்பா. நிக்கிறதுதான் கஷ்டம். தூங்கினா வரிசை நகர்ந்துடும். தூங்காம ஓட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார். "குளிக்க, மற்றதுக்கு எங்கே போவீங்க அண்ணா?" என்று எங்கள் தோழி கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அவருக்கும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாளாம். "பரீட்சைக்கு முன்னால ஒரு தடவையாவது போய்ப் பார்க்கணும்" என்றார்.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே வேலை அளவாக இருந்தது. நீண்ட தூர வண்டிகளுக்கு அது பத்து மணி வரை போகலாம் என்று அதில் இருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் அது கூறியது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். நல்ல விதிகள். ஆனால் வரிசையில் நிற்கும் நேரம் வேலையா, ஓய்வா? ஓட்டுநருக்கு அது இரண்டும் இல்லை.

நம் உயிரும் இதில் இருக்கிறது

இந்தச் சாலைகளில் விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. லாரிகளைச் சபிப்பது எங்கள் பகுதியில் தினசரி வழக்கம். சபித்து ஆவதொன்றும் இல்லை. லாரி எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால் நம்மை நாமே காத்துக் கொள்ளலாம். ஓட்டுநரிடமும், தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் பெற்றோரிடமும் கேட்டு அறிந்த நான்கு செய்திகளைத் தங்கைகளுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, ஓட்டுநர் மிக உயரத்தில் அமர்ந்திருக்கிறார். வண்டியின் மூக்கை ஒட்டி முன்னால் நிற்கும் சிறுமியை அவரால் பார்க்க முடியாது. நின்ற லாரிதானே என்று அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. வரிசை எந்த நொடியும் நகரும்.

இரண்டாவது, ஸ்டியரிங் வலப்புறம் இருப்பதால் இடப்புறம் அவருக்கு அதிகம் மறைந்திருக்கும். முன்பு அந்தப் பக்கத்தைக் கிளீனர் பார்த்துச் சொல்வார். உப்பு வண்டியின் பக்கத்தில் காவலாக நடந்தவரின் வேலை அது. இப்போது பல லாரிகளில் கிளீனர் இல்லை. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே பொருள்.

மூன்றாவது, டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் போகா. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நாற்பது அடிப் பெட்டி என்றால் பன்னிரண்டு மீட்டர் நீளம். முனையில், லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிளை நுழைப்பது மிகவும் அபாயம். இடம் இருப்பது போலத் தோன்றும். இரண்டு நொடியில் அந்த இடம் இருக்காது.

நான்காவது, பாரம் ஏற்றிய லாரி காரைப் போல உடனே நிற்காது. பிரேக்கை மிதித்த பின்னும் நெடுந்தூரம் வந்துதான் நிற்கும். கையைக் காட்டிவிட்டு ஓடினால் போதும் என்று எண்ணுவது வீண் துணிச்சல்.

இவை நாம் செய்ய வேண்டியவை. பெரியவர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. லாரிகள் சாலையில் நிற்காமல் இருக்க நிறுத்துமிடம் வேண்டும். அங்கே குடிநீரும் குளியலறையும் கழிப்பறையும் வேண்டும். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். சாலையைக் கடக்கும் இடங்களில் விளக்கும் காவலரும் வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையிலான மேம்பாலச் சாலைக்கு, முன்பு நின்றுபோன வேலையைத் தொடர 2022-இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. எண்ணூர்த் துறைமுகத்தையும் மாமல்லபுரம் பக்கத்தையும் இணைக்க, ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலைத் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. புதிய சாலைகள் வரட்டும். ஆனால் சாலை எவ்வளவு அகலமானாலும், அதில் வருகிறவர் கண் மூட ஓர் இடம் இல்லையென்றால் அபாயம் குறையாது. தூங்கி எழுந்த ஓட்டுநரின் லாரியே நமக்குப் பாதுகாப்பான லாரி. அவருக்குக் கேட்கும் வசதி, நமக்கும் சேர்த்துக் கேட்பதே ஆகும்.

முடிவுரை

உமணர், லம்பாடிகள், ஒட்டகக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள். காலமும் நாடும் வெவ்வேறு, வேலை ஒன்றே. உள்நாட்டையும் கடற்கரையையும் சேர்த்துக் கட்டும் கயிறு இவர்கள். இவர்கள் கொண்டு வந்த பொருளை எல்லா ஊர்களும் வாங்கிக் கொண்டன. இவர்களை மட்டும் எந்த ஊரும் தன்னவர் என்று எண்ணவில்லை. வந்தார்கள், போனார்கள் என்பதோடு சரி.

வேதாரண்யம் போனவர்களுக்காக மரக்கிளையில் சோறு கட்டியவர்கள், அவர்களின் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. வழியில் இருப்பவர் பசியோடு இருக்கக் கூடாது என்ற ஒரே எண்ணம் போதுமானதாக இருந்தது. எங்கள் தெருவில் சில வீட்டார் கோடைக் காலத்தில் வாசலில் தண்ணீர்ப் பானை வைக்கிறார்கள். லாரிக்காரர்கள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். அது போன்ற பானைகள் இந்தக் கோடையில் இன்னும் சில வாசல்களில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. பெற்றோர்களை அன்புடன் கேட்டுக் கொள்கிறோம். தோழியரே, சாலையைக் கடக்கும்போது ஓட்டுநரின் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அவர் வண்டியை நிறுத்தி வழி விட்டால், கையை உயர்த்தி ஒரு நன்றி சொல்லுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அந்த உப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்து சேர்த்தவரையும் நினைப்போமாக.